காயலான் கடைக்கு ஏன் போட வேண்டும்?

வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய புல்லட்டை மறுபடி ஓடவைக்கப் போகிறேன் என்று ஐம்பதைத் தொட்ட ஒருவர் வாயைத் திறந்து பார்க்கட்டும். யோசனை சொல்ல ஊரே திரண்டுவிடும். "பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய ரோட்டுல எடுத்தாலே புடிச்சிருவான், அத்தான்" என்பார் மைத்துனர். ஆபீஸ் நண்பர் புகை, மாசு என்று ஆரம்பிப்பார். "இந்த முட்டிய வச்சிக்கிட்டா கிக்கர் மிதிக்கப் போறீங்க?" என்பாள் மனைவி. எல்லாரும் வேறுவேறு தெரு வழியாக வந்தாலும் கூடுகிற இடம் ஒன்றுதான்: காயலான் கடைக்குப் போட்டுவிடு, ஆசை அடங்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்.

இந்த யோசனையில் அக்கறை இருக்கிறது. விஷயம் இல்லை.

முதலில் அந்தப் பதினைந்து வருஷப் பூச்சாண்டி. தில்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்திலும் பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்தைத் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பங்கில் பெட்ரோலே ஊற்றக் கூடாது என்று தில்லியில் ஆரம்பித்து, கூச்சல் கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். டிவியில் ஓடிய அந்தச் செய்திதான் திருநெல்வேலி டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் நாட்டுச் சட்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பழைய வண்டிக்காரனை அரசுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. அது கட்டணத்திலேயே தெரிகிறது. மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது ஆண்டைத் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆனது. போதாததற்குப் பசுமை வரி வேறு. ஆனால் கட்டணத்தை ஏற்றியவர்கள் கதவைச் சாத்தவில்லை. 2021-இல் பிரதமர் தொடங்கிவைத்த பழைய வாகனக் கழிவுக் கொள்கையிலும்கூட, சொந்த வண்டி உடைப்புக்குப் போக வேண்டுமா என்பதைச் சோதனையில் தேறுகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் முடிவு செய்யச் சொல்லியிருக்கிறது. வயது வந்தால் சோதனைக்கு வா என்கிறது அரசு. வயது வந்தால் செத்துப் போ என்கிறார்கள் நம் சொந்தக்காரர்கள்.

அடுத்தது புகை. இதில் எதிர்த்தரப்புக்குப் பாதி நியாயம் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. எஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ்.100 எல்லாம் டூ ஸ்ட்ரோக். அந்த வகை என்ஜினில் எரிந்த புகை வெளியே போகும் வழி திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வருகிறது. வந்ததில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். பெட்ரோலோடு கலந்த ஆயிலும் சேர்ந்து புகையும். கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. எந்த மெக்கானிக் டியூன் செய்தாலும் தீராது. 1985-இலிருந்து 1996 வரை வந்த ஆர்.எக்ஸ்.100-இன் மேல் உயிரையே வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் தினமும் ஆபீசுக்குப் போய் வா என்று அவர்களிடம் நான் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளட்டும்.

புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டியோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்கு இது அதிகமாகவே கக்கும், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் அளந்து பார்க்கக் கருவி இருக்கும்போது ஆர்.சி. புக்கில் பிறந்த தேதியைப் பார்த்து ஏன் தீர்ப்பு எழுத வேண்டும்? 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டி நின்றபடி ஓடும்போது புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், அதற்குப் பிந்தைய, பி.எஸ்.6-க்கு முந்தைய வண்டி 3.5-ஐத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ரிங் தேய்ந்து, ஏர் ஃபில்டர் அடைத்து, கார்புரேட்டர் தாறுமாறாகக் கிடக்கும் ஏழு வயது வண்டி அதில் தவறும். ஒழுங்காகப் போர் அடித்து, ஜெட் சுத்தம் செய்து வைத்த முப்பது வயது புல்லட் தாராளமாகத் தேறும். பழையது என்பதும் கெட்டுப்போனது என்பதும் ஒன்றில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஞாயிறும் விடுமுறையும் பார்த்து ஓடும் வண்டி ஆண்டு முழுவதும் கக்குவதையும், அதை உடைத்து உருக்கி, அதற்குப் பதில் புது வண்டி ஒன்றுக்கு இரும்பும் அலுமினியமும் வார்த்து, லாரியில் ஏற்றி ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. மாசு பற்றி எனக்குப் பாடம் எடுத்த ஒருவர், கார் ஏசியை நிறுத்த மனமில்லாமல் என்ஜினை ஓடவிட்டபடியே எடுத்தார்.

"பழைய மெஷின் பழைய மெஷின்தானே, எத்தனை தடவைதான் ரிப்பேர் பார்ப்பது?" என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கேட்பவர் நினைப்பதற்கு நேர் எதிரான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. சென்னைத் திருவொற்றியூரில் 1950-களில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் வார்த்துக்கொண்டிருந்த அந்த வார்ப்பிரும்பு என்ஜின் பல தடவை ரிப்பேர் பார்ப்பதற்கென்றே செய்தது. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 18 குதிரை சக்தி. என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. ஒன்றைத் தொடாமல் மற்றதை இறக்கலாம். சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் கொடுத்துப் போர் அடித்து அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், பிறகு அதற்கும் அடுத்தது. எல்லாம் முடிந்தால் ஸ்லீவ் இறக்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இன்றைய வண்டிகள் பலவற்றில் அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில் கெட்டியான ஒரு பூச்சு பூசிவிடுகிறார்கள். நெடுநாள் தேயாது, நல்ல வேலைதான். ஆனால் கீறல் விழுந்தால் போர் அடிக்க வழியில்லை. சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் சேர்த்துப் பெட்டியோடு புதிதாக வாங்க வேண்டும்.

டேப்பெட் வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆறி இருக்க வேண்டும். சிலிண்டரின் வலப்பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் சின்ன மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு புஷ் ராடும் தெரியும். வண்டியைக் கம்ப்ரஷனில் வைத்து, ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்ட வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. வேறு கருவி கிடையாது, அந்த விரல்தான் கருவி. பிளாட்டினம் பாயிண்டுக்கு மட்டும் ஃபீலர் கேஜ் வேண்டும். இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கருத்திருந்தால் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு. இதற்கு இரண்டு ஸ்பானரும் ஒரு திருப்புளியும் அரைமணி நேரமும் போதும். வழியில் நின்றுபோன புது வண்டியில் சென்சார் விளக்கு எரிந்தால், சொந்தக்காரர் செய்யக்கூடியது டோ வண்டிக்குப் போன் போடுவது மட்டும்தான்.

அதற்காக அந்தக் காலத்து வண்டியெல்லாம் தங்கம் என்று உருகுபவர்களோடும் எனக்கு ஒத்துவராது. புல்லட் நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டும். பேக்கிங் புதிதாகப் போட்டாலும் கொஞ்ச நாளில் எங்காவது கசியும். ஒரே ஆண்டில் வந்த இரண்டு வண்டிகள் ஒன்றுபோல் இருக்காது. சிலவற்றில் ஆலையிலேயே வேலை சுத்தமில்லை. இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: குறை உள்ள வண்டி, ஆனால் அதன் குறைகள் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன.

கொல்வது வயதும் இல்லை, ஓட்டமும் இல்லை. நிற்பதுதான் கொல்கிறது. நிறுத்திவைத்த வண்டியில் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சுவதால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கிறது, பழைய ரப்பர் ஓஸ் ஊறிப் பிசுபிசுத்துப் போகிறது, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கிறது. ஆயில் சீல் காய்ந்து வெடிக்கிறது. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. எலி வயரைத் தின்கிறது. இந்த எத்தனால் விவகாரம் உண்மையான தலைவலி. பழைய வண்டிக்காரர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வைத்தியம் பெரிதில்லை. ஓஸையும் ஃப்ளோட் நீடிலையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை ஓட்டினால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் காயலான் கடைக் கட்சியோடு சேர்த்து இன்னொரு கட்சியையும் கேட்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிபோல் பெயிண்ட் அடித்து, குரோமியம் பிளேட்டிங் பளபளக்க, முட்கார்டில் ஒரு கோடுகூட மாறாமல் வைத்து, பூஜை அறைச் சாமானைப்போலத் துடைத்துத் துடைத்து வைக்கும் கட்சி அது. ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஆக்கினால்தான் ரெஸ்டோரேஷன் என்பது அவர்கள் சித்தாந்தம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிகளும் அவர்களுக்கு வாகாகவே அமைந்துவிட்டன. ஐம்பது ஆண்டைத் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி 'விஏ' எழுத்தோடு தனி நம்பர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதைக் கண்காட்சிக்கும் விண்டேஜ் ராலிக்கும் ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும்தான் வெளியே எடுக்கலாம். தினப்படி சந்தைக்கும் கோயிலுக்கும் போகக் கூடாது. ஒரு கட்சி வண்டியை உடைக்கச் சொல்கிறது, இன்னொன்று நிறுத்தச் சொல்கிறது. வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஓட்டுவதற்கென்று ஒருவர் வண்டியைத் தயார் செய்தால் காசு போகும் வரிசையே வேறாக இருக்கும். முதலில் டயர். பட்டன் முழுசாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அந்த ரப்பர் ஈரச் சாலையில் கல்லாகிவிடும். அடுத்து பிரேக் ஷூ, வீல் பேரிங், ஸ்போக்ஸ் இழுத்துப் பெண்டு எடுப்பது, கிளட்சும் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்த்து எல்லாக் கேபிளும், வயரிங் முழுசும். பிறகு என்ஜின். பெயிண்ட் கடைசி, காசு மிஞ்சினால் பார்க்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. டேங்கில் தங்கக் கோடு இழுத்துப் படம் எடுத்தாகிவிட்டது, முன் பிரேக் பிடிக்கவில்லை.

வயதுக்கும் ஆபத்துக்கும் வருவோம், ஏனென்றால் வீட்டில் நிஜமாகக் கவலைப்படுவது அதற்காகத்தான். அந்தக் கவலை வெறும் பேச்சில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். இதைப் படித்துவிட்டு ஒருவர் இனி பைக்கே ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தால் அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம்மவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பழசை விட்டுவிட்டுப் புதிது வாங்கு என்கிறார்கள். இருபது ஆண்டு காரிலேயே போய் வந்துகொண்டிருந்தவரை நேராக 47 குதிரை சக்தியுள்ள 650 சிசி வண்டியின் மேல் ஏற்றி நாலுவழிச் சாலைக்கு அனுப்புவதுதான் பத்திரமான வழியா? பதினெட்டுக் குதிரை சக்தி வண்டி அறுபதைத் தாண்டினாலே கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிர்ந்து போதும் என்று சொல்லும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றோரமாகப் பாபநாசம் போகிற சாலைக்கு அந்த வேகம் போதும். விட்டுப்போன கைப்பழக்கம் திரும்பி வரவும் அதுதான் ஏற்றது.

இங்கே புது வண்டியின் பக்கம் ஒரு பெரிய நியாயம் உண்டு: பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். பழைய புல்லட்டில் கேபிளில் இழுக்கும் டிரம் பிரேக். அது நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தை மனதில் வைத்துத்தான் முன்னால் போகும் வண்டியிலிருந்து விலக வேண்டும். அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அந்த வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இடையில் வேறு வண்டி ஓட்டிப் பழகியவருக்கு, நாய் குறுக்கே பாயும் நேரத்தில் வலது கால் தானாகப் போய் அழுத்தும். வண்டி நிற்காது, கியர்தான் மாறும். காலியான மைதானத்தில் பல காலை நேரங்கள் செலவழித்து அந்தக் காலைத் திருத்திய பிறகுதான் ஊருக்குள் வர வேண்டும். பழைய வண்டி வேண்டாம் என்பவர்கள் இந்த ஒன்றைச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆச்சரியம், யாரும் சொல்வதில்லை. எல்லாரும் கிக்கரைப் பற்றியே பேசுகிறார்கள்.

கிக்கருக்கு முட்டி பலம் வேண்டும் என்பதே தவறு. எங்கள் பக்கத்து மெக்கானிக் மெலிந்த ஆள், என்னைவிட வயதில் மூத்தவர், உயரமும் குறைவுதான். ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைக் காட்டித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "அண்ணாச்சி, மொதல்ல மெதுவா அமுக்குங்க. முள்ளு நடுவுல வந்து நிக்கட்டும். பெறவு இந்த டீகம்ப்ரஷன புடிச்சிக்கிட்டு ஒரு பொட்டு தள்ளுங்க. இப்ப விட்டுட்டு மிதிங்க. அவசரப்பட்டியளோ, காலத் தூக்கி அடிச்சிரும்." பிஸ்டனை மேலே ஏறித் தாண்டவைத்துவிட்டால் பிறகு மிதிப்பது வெறும் உடல் எடைதான். முட்டி போய்விட்டது என்று சொல்லும் பலருக்குப் போனது பொறுமை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புது 350 சிசி வண்டி ஒன்று இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது இரண்டு லட்சத்தைத் தொட்டுவிடும். வாங்கிய மறுநாளே அதன் விலை இறங்கத் தொடங்கும். பழையதை முழுசாகச் செய்தாலும் பெரும்பாலும் அவ்வளவு ஆகாது. ஆனாலும் லாபம் பார்த்து இதில் இறங்குபவர்கள் இறங்காமல் இருப்பதே நல்லது. பாதியில் அலுத்துப்போய், பிரித்த என்ஜினைச் சாக்கில் கட்டி விற்றவர்கள் பலர்.

கடைசியாக மிஞ்சுவது, "பார்ட்ஸ் எங்கே கிடைக்கிறது, வேலை தெரிந்த ஆள் எங்கே இருக்கிறான்" என்ற பேச்சு. பார்ட்ஸுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது, தில்லிக் கரோல்பாக் இருக்கிறது. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலையை 1996-இல் மூடினார்கள். செய்தவனே இல்லாமல்போன அந்த ஜாவாவும் எஸ்டியும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு அந்த வண்டிகளுக்கான நாளில் இன்றும் ஊர் ஊராகத் திரள்கின்றன என்றால் பார்ட்ஸ் எங்கிருந்தோ வந்துகொண்டுதானே இருக்கிறது?

ஆள் விஷயத்தில்தான் நெருக்கடி. வேலை தெரிந்தவர்கள் குறைகிறார்கள் என்பது மெய். ஆனால் அதைக் காரணம் காட்டி வண்டியை உடைக்கச் சொல்வது தலைகீழ்க் கணக்கு. வேலை வராததால்தான் ஆள் போகிறான், ஆள் போனதால் வேலை வராமல் இல்லை. எங்கள் மெக்கானிக்கிடம் இப்போது இருபது வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். புஷ் ராடை உருட்டிப் பார்த்து அளவு சொல்லக் கற்றுவிட்டான், மேக்னட்டுக்கும் காயிலுக்கும் இன்னும் பெரியவரைக் கூப்பிடுகிறான். பக்கத்து ஊர் ஷோரூமில் அவனுக்கு இதைவிட அதிகச் சம்பளத்துக்கு வேலை தயாராக இருக்கிறது. தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் வண்டிகள் நாலைந்து பட்டறைக்கு வந்தால் அவன் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருப்பேன் என்கிறான்.